கசக்கலைங்க

ஜெயங்கொண்டம் பஸ் நிலையம். விருத்தாசலம் பஸ் கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. பெங்களூரில் ஒரு பீர் ஆலையில் ருசி பார்ப்பது என் வேலை. பீர் போட்டிகளில் நடுவராக உட்கார, வகுப்புக்குப் போய்த் தேர்வும் எழுத வேண்டும். இரண்டு முறை தோற்றுவிட்டேன், திங்கட்கிழமை மூன்றாவது. எதைக் குடித்தாலும் கசப்பு என்றே எழுதுகிறேனாம்.

கூடைக்காரப் பெண் உப்புத் தூவி நீட்டிய முந்திரிப் பழத்தைக் கடிக்கிறேன். சாறு முழங்கை வரை வழிகிறது.

“கசக்குதே” என்கிறேன்.

“கசக்கலைங்க, துவர்க்குது. கசப்புன்னா நாக்குல நிக்கும். இது நாக்கையே இழுத்துப் புடிக்கும்.”

நாக்கு சுருங்கி அண்ணத்தில் ஒட்டுகிறது. வகுப்பில் பத்து நாள் ஆங்கிலத்தில் சொன்னது இதைத்தான். நோட்டை எடுத்துத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன்: துவர்ப்பு. மனசு லேசாகிவிட்டது. அவளிடம் விஷயத்தைச் சொல்கிறேன்.

“பீரு குடிக்கப் பரீட்சையா?”

“ஆமாங்க. ரெண்டு தடவை ஃபெயில்.”

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் வாங்கிய பழப் பொட்டலத்தில் கூடுதலாக ஒரு பழத்தைப் போட்டு நீட்டுகிறாள்.

“எங்க வூட்டுக்காரரு எழுதினா மொத தடவையே பாஸாயிடுவாருங்க.”