அறுநூறு அம்புகள்

என் வீட்டுக்காரருக்கு அச்சடிக்கத் தெரியும். அதைத் தவிர வேறு ஒரு மண்ணும் தெரியாது. பேசத் தெரியாது, விட்டுக்கொடுக்கத் தெரியாது, தப்பு தன்மேல் இருந்தால் அதை ஒப்புக்கொள்ளத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் அவரோடு குப்பை கொட்டியவள் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டால் தங்கமான மனிதர் என்பார்கள். அவர்கள் யாரும் அவரோடு ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் நின்றதில்லை.

பட்டறை என்பது எங்கள் வீட்டின் பின்பக்கத்து நீள அறை. நடுவில் மேசை, சுவரோரம் அச்சடித்த தாள்களைக் காயவைக்கும் கம்பித் தட்டுகள், மூலையில் மஞ்சள் விளக்கு எரியும் ஒரு சின்ன இருட்டறை. இருட்டறை என் பொறுப்பு. மரச் சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்போம். அதைத்தான் ஸ்கிரீன் என்பது. அதன்மேல் நான் பசை தடவிக் காயவைப்பேன். வெளிச்சம் பட்டால் இறுகிப்போகிற பசை. காய்ந்ததும் கண்ணாடிமேல் ஃபிலிமை வைத்து, அதன்மேல் ஸ்கிரீனை வைத்து, அடியிலிருந்து நான்கு நிமிடம் விளக்கு போடுவேன். ஃபிலிமில் கறுப்பாக இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஏறாது, அங்கே பசை இறுகாது. தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த இடம் மட்டும் கரைந்து படம் திறந்துகொள்ளும். அந்த வழியாகத்தான் மை இறங்கும்.

மை இறக்குவது அவர் வேலை. ரப்பர் பதித்த கட்டையைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. நடுவில் கை தயங்கினால் கோடு விழும், அழுத்தினால் மை பரவும். அவருக்கு இரண்டும் நடந்து நான் பார்த்ததில்லை. குறை கண்டுபிடிக்க நான் முயலாமலும் இல்லை.

மேசைக்கு எதிர்ப்பக்கம் என் கொழுந்தன் நிற்பான். அண்ணன் இழுத்து ஸ்கிரீனைத் தூக்கியதும் அடித்த தாளை உருவித் தட்டில் வைத்து, புதுத் தாளைப் போட வேண்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாத வேலை. அப்படிப்பட்ட இருவர் ஏழு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கொழுந்தன் மூன்று வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, ஃபிலிம் இல்லாமல் ஸ்கிரீன்மேலேயே கையால் ஒரு படம் வரைந்து ஓரமாக வைத்திருந்தான். இவருக்கு அவசரமாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஒரு வார்த்தை கேட்காமல் மருந்து போட்டுக் கழுவிவிட்டார். "சட்டம் பட்டறையோடது" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வந்தால் பல் கொட்டிவிடுமாம். அன்று நின்ற பேச்சுதான்.

அதன்பிறகு இரண்டு மலைமாடுகளுக்கும் நடுவே வாய் நான்தான். "அவன்கிட்ட தாளை நேரா வைக்கச் சொல்லு." "அண்ணி, மை கெட்டியா இருக்குன்னு சொல்லுங்க." மூன்றடி மேசைக்குக் குறுக்கே, இருவர் காதிலும் விழுந்த பேச்சை நான் திருப்பிச் சொன்னால்தான் செல்லும். முதல் தாள் விழுந்ததும் கொழுந்தன் அதை எடுத்து, அண்ணனுக்குப் பின்னால் சுவரில் குத்தியிருக்கும் மாதிரியோடு ஒப்பிடுவான். சரியாக இருந்தால் என்னிடம் சொல்வான். நான் "சரியாம்" என்பேன். பிறகுதான் இவர் மறுபடி கட்டையை எடுப்பார். எடுத்தபின் மையை மட்டும்தான் பார்ப்பார், படத்தைப் பார்க்க மாட்டார்.

இப்படி இருக்கையில்தான் ஏழு மாடி மருத்துவமனை ஒன்றின் வேலை வந்தது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியைக் காட்டும் பலகைக்கான தாள், அறுநூறு. பச்சை மையில் ஓடுகிற மனிதன், ஓர் அம்பு, எழுத்து கிடையாது. எல்லா மாடியிலும் படிக்கட்டு இடப்பக்கம் என்பதால் எல்லா அம்பும் இடப்பக்கம். அங்கிருந்து வந்த மேற்பார்வையாளர் வெளிப்படையாகவே சொன்னார்: "இது சரியா வந்தா மொத்தக் கட்டடத்துப் பலகையும் உங்களுக்கு. இல்லைன்னா வேற ஆள் ரெடியா இருக்காங்க." பட்டறையில் வேறு வேலை இல்லை. இதுவும் போனால் வேறு அச்சகத்துக்குப் போய்விடுவதாகக் கொழுந்தன் என்னிடம் சொல்லியிருந்தான். அவன் போனால் இவர் கட்டையை வைத்து முதுகு சொறிய வேண்டியதுதான்.

அச்சடிக்க வேண்டிய அன்று காலை, நான் இருட்டறையில் ஃபிலிமை வைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கமிருந்தும் தொடங்கிவிட்டார்கள். அவனிடம் இதைச் சொல்லு, அவரிடம் அதைச் சொல்லுங்க. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து, "இன்னையிலிருந்து நான் யாருக்கும் எதையும் சொல்றதா இல்ல. ரெண்டு பேருக்கும் நாக்கு இருக்கு" என்றேன். திரும்பிப் போய் அதே கோபத்தில் விளக்கைப் போட்டேன்.

முதல் தாள் விழுந்தது. கொழுந்தன் எடுத்தான், சுவரைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டி, "அண்ணி, இதப் பாருங்க. அவர்கிட்ட சொல்லுங்க" என்றான்.

பார்த்தேன். அம்பு வலப்பக்கம் காட்டியது. ஃபிலிமை நான் முன்பின் பக்கம் மாற்றிப் புரட்டி வைத்திருக்கிறேன். என் கைத் தப்பு, ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

"நீங்களே சொல்லுங்க தம்பி" என்றேன்.

"என்னவாம்?" என்றார் இவர், என்னைப் பார்த்து.

"எனக்கென்ன தெரியும். உங்க தம்பியையே கேளுங்க."

கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. தாளைக் கொண்டுபோய்த் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததைப் போட்டான். அவன் தாள் போட்டால் சரி என்றுதான் அர்த்தம் என்று இவர் கட்டையை எடுத்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பத்தோடு நிற்பார்கள், இருபதோடு நிற்பார்கள் என்று பார்த்தேன். நூறு தாண்டியது. அதற்குமேல் வாயைத் திறக்க என்னாலும் முடியவில்லை. வீம்பு என்பது அந்தக் குடும்பத்துச் சொத்து என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அறுநூறும் அடித்து முடித்தார்கள். அச்சு அப்படியொரு சுத்தம்.

மறுநாள் மேற்பார்வையாளர் வந்தார். ஒரு தாளை எடுத்துச் சுவரில் இருந்த மாதிரிக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஏங்க, இதப் பார்த்து ஓடினா ஜனங்க படிக்கட்டுக்குப் போக மாட்டாங்க. எதிர்ப்பக்கம் அழுக்குத்துணி போடற ரூம்ல போய் முட்டிக்கிட்டு நிப்பாங்க. புகைக்கு நடுவுல."

இவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு ஏழு வருடத்தில் முதல் முறையாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"நீ பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"முதல் தாள்லயே."

"பார்த்துட்டா அறுநூறையும் எடுத்து அடுக்குன? நீ மனுஷனாடா?"

"சொல்லல. என் தப்புதான்."

என் பெயரை அவன் எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொடுத்திருக்கலாம். தட்டில் இருந்த தாள்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்குமேல என்னால முடியாது" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் போய்விட்டார். இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அதே தாள் அறுநூறு வாங்க நேரம் இல்லை.

"பின்பக்கம் அடிக்கலாம்ணே" என்றான் கொழுந்தன். "கெட்டித் தாள்தான, பச்சை மறுபக்கம் தெரியாது. இந்தப் பக்கம் பசை தடவி ஒட்டற பக்கமா போயிடும்."

"இதைச் சொல்ல மட்டும் வாய் வருதா உனக்கு?" என்றார். ஆனால் எழுந்துவிட்டார்.

நான் புது ஸ்கிரீனில் பசை தடவினேன். ஃபிலிமை வைத்துவிட்டு மூன்று முறை சரிபார்த்தேன். மறுநாள் காலையிலிருந்து அடித்தார்கள். இழுப்புக்கு ஒரு திட்டு. முட்டாள் என்றார், வஞ்சம் வைத்துக் குடும்பத்தைக் கெடுக்கப் பார்த்தவன் என்றார். அவனும் சும்மா இல்லை. "என் படத்தக் கழுவி ஊத்தினப்ப எங்க போச்சு உங்க குடும்பம்?" என்றான். ஏழு வருடத்துச் சேறெல்லாம் வெளியே வந்தது. அதற்கு நடுவே தாள் விழுவது மட்டும் நிற்கவில்லை. என்னை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் வந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக உருவிப் பார்த்தார். "இது சரி. மத்த பலகைக்கு அடுத்த வாரம் வந்து பேசறேன்" என்று எடுத்துக்கொண்டு போனார்.

கொழுந்தன் ரப்பர் கட்டையைக் கழுவக் கொல்லைக் குழாய்க்கு வந்தான். நான் அங்கேதான் நின்றிருந்தேன். வெட்கமாக இருந்தது, அவமானமாக இருந்தது, எல்லாம் இருந்தது.

"தம்பி, ஃபிலிமை மாத்தி வெச்சது நான். நீங்க காட்டினப்ப எனக்குப் புரிஞ்சுது. ஏன் என்னைச் சொல்லல?"

அவன் கட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இப்பவே அவர்கிட்ட சொல்லிடப் போறேன்."

"வேணாம் அண்ணி."

"ஏன்? எதுக்கு நீங்க அத்தனை திட்டும் வாங்கணும்?"

"ஒரு நாள் பூரா என் மூஞ்சியப் பார்த்து பேசியிருக்காரு" என்றான். "நீங்க சொன்னா நிறுத்திடுவாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "டேய், எங்கடா போய்த் தொலஞ்ச? மை டப்பாவ மூடாம போயிருக்க, அறிவு இருக்கா?"

"இதோ வந்துட்டேண்ணே" என்று ஈரக் கையோடு உள்ளே ஓடினான்.