சேம்சைடு கோலுக்கு நான் போட்ட கணக்கு

இரண்டாயிரங்களின் நடுவில் ஜெர்மனியில் ஆஹென் நகரில் மேற்படிப்பு படித்தேன். எங்கள் விடுதியில் மாடிக்கு ஒரு சமையலறை, எட்டுப் பேருக்குப் பொது. பக்கத்து அறைக்காரன் ஸ்பானியன், வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஸ்பெயின் என்றதும் எல்லோரும் கேட்கிற அந்த இரண்டு பெரிய அணிகளில் எது உன்னுடையது என்று நானும் கேட்டுவைத்தேன். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தன் ஊரிலேயே ஒரு கிளப் இருக்கும்போது ஊரான் கிளப்புக்கு எதற்குக் கை தட்ட வேண்டும் என்றான்.

அந்தக் கிளப் மூன்றாம் டிவிஷனுக்கும் நான்காம் டிவிஷனுக்கும் நடுவே ஏறி இறங்கியே காலத்தை ஓட்டியது. மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஆட்கள் ஆரம்பித்த அணி. படகுக்கு அடித்தது போக மிஞ்சிய பச்சைப் பெயிண்டைக் கோல் கம்பத்துக்கு அடித்தார்களாம், அதிலிருந்து பச்சைதான் சட்டையின் நிறம். ஒரு முறை ஆள் சேராமல் கலைத்து, எதிரித் தெரு அணியோடு சேர்த்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அந்தக் கல்யாணத்தை ஒத்துக்கொள்ளாத கிழவர்கள் சிலர் இன்னமும் மைதானத்தின் எதிர்ப்பக்கம்தான் உட்காருவார்களாம்.

அந்த வருடம் கிளப்புக்கு ஆண்டு விழா. அதற்குள் அதன் சரித்திரம் முழுவதையும் ஒரு வெப்சைட்டாகப் போட்டுத் தருவதாக இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். வெப்சைட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். நான் கம்ப்யூட்டர் படிக்கிறவன் என்று என் தலையில் கட்டினான். எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். சின்ன வயதில் பேப்பரில் வரும் கிரிக்கெட் ஸ்கோரை நோட்டுப் போட்டு எழுதியவன் நான். உலகக் கோப்பை வந்தால், இந்தியா அடுத்த சுற்றுக்குப் போக யார் எத்தனை ஓவரில் தோற்க வேண்டும் என்று நெட் ரன் ரேட் போட்டுப் பார்ப்பேன். அந்த நேரத்தில் சோறு தண்ணி வேண்டாம்.

வருடம் வருடமாக ஏற்றிக்கொண்டு வந்தபோது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சீசன் மட்டும் இல்லை. கேட்டால் மழுப்பினான். நான் விடவில்லை, நச்சரித்து வாங்கினேன். அந்த வருடம் மேல் டிவிஷனுக்குப் போக நான்கு அணிகளுக்குள் போட்டி, ஒருவருக்குத்தான் இடம். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், முதலிடத்தில் இருந்த அணியோடு. இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார்கள். முடியப்போகிற நேரத்தில் ஒரு தடுப்பாட்டக்காரர் முழங்காலில் பட்டு பந்து தன் கோலுக்குள்ளேயே போய்விட்டது. சேம்சைடு கோல், ஆட்டம் சமன். அந்தத் தடுப்பாட்டக்காரர் இவனுடைய அப்பா.

அவரால்தான் மேலே போகிற வாய்ப்பு போனது என்று ஊரே சொன்னது. அதற்குப் பிறகு அவர் மைதானத்தில் கால் வைக்கவில்லை. சந்தைக்குப் போனால்கூட அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவாராம். ஆண்டு விழாவில் பழைய ஆட்டக்காரர்களை மைதானத்தில் நிறுத்திக் கௌரவிக்கப் போகிறார்கள், அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவனுக்கு அவர் அங்கே நிற்க வேண்டும். இந்த வெப்சைட் வேலையே பாதி அதற்காகத்தான் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை மதியம், வெளியே வழக்கமான ஆஹென் மழை. அந்த சீசனின் பத்திரிகைத் துணுக்குகளை வைத்து முடிவுகளை ஏற்றினேன். பழக்க தோஷம், கணக்கும் போட்டேன். அந்தக் கோல் விழாமல் இவர்கள் வென்றிருந்தால் இரண்டு அணிக்கும் சம புள்ளி. சமம் என்றால் கோல் வித்தியாசம். எதிரணிக்கு அது பதினொன்று, இவர்களுக்கு வெறும் மூன்று. அதாவது வென்றிருந்தாலும் மேலே போயிருக்க முடியாது! அவர் மேல் தப்பே இல்லை! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன். தலையில் நுரையோடு வந்து திரையைப் பார்த்தவன் என்னை அப்படியே தூக்கிச் சுற்றினான். ஈரத் தலையோடே அப்பாவுக்கு போன் போட்டான். இன்னொரு தரம் விளக்கமாகச் சொல் என்றாராம். இவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, விழாவுக்கு வருகிறேன் என்றாராம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் அந்தப் பக்கத்தைப் பெருமையாக எங்கள் மாடியிலேயே தங்கியிருந்த, நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்ணிடம் காட்டினேன். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள், பெண்கள் அணியில் பந்து ஆடுகிறவள். ரொட்டியைக் கடித்தபடி பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் கிரிக்கெட் கணக்குப் போட்டிருக்கிறியள். ஸ்பெயினில புள்ளி சமமெண்டா அந்த ரெண்டு டீமும் தங்களுக்குள்ள விளையாடினதைத்தான் முதல் பாப்பினம்."

அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய முதல் ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இரண்டாவதை வென்றிருந்தால் இவர்கள்தான் மேலே போயிருப்பார்கள். அந்தக் கோல்தான் கெடுத்தது, ஊர் சொன்னது சரி. ஒரு மனிதரின் பன்னிரண்டு வருட வேதனையில் அரைகுறையாக மூக்கை நுழைத்துவிட்டேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவனிடம் சொன்னேன். முகத்தில் ஈயாடவில்லை. அந்த விதி தனக்கும் தெரியும், அப்படி ஒன்றைக் கேட்க அவ்வளவு ஆசையாக இருந்ததால் யோசிக்கவே தோன்றவில்லை என்றான். மறைக்கலாமா என்று இருவருமே ஒரு நிமிடம் நினைத்தோம். இந்தக் கணக்கை நம்பிப் போய், விழாவில் யாராவது அவர் முகத்துக்கு நேரே சிரித்தால்? போனை எடுத்தான். அப்பா பேசியதை அவ்வப்போது எனக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.

"அந்த விதி எனக்குத் தெரியாதா? பந்து முழங்காலில் பட்டபோதே கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். நேற்று நீ சொன்னபோதே தப்பு என்று தெரியும்."

பிறகு ஏன் வருகிறேன் என்றீர்கள் என்று இவன் கேட்டான். பதிலைக் கேட்டவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா சொன்னதை அங்கிருந்தபடியே எனக்குச் சொன்னான்.

"இத்தனை வருடத்தில் நீ என்னிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்றுத்தான் பேசினாய்."

அந்தக் கோலை ஏற்றியாகிவிட்டதா என்று அவர் கேட்டாராம். இன்னும் இல்லை என்றதும், பத்திரிகையில் எண்பத்தைந்தாம் நிமிடம் என்று தப்பாகப் போட்டிருப்பான், எண்பத்தேழு என்று போடச் சொல் என்றாராம். நான் அவர் பெயருக்கு நேரே எண்பத்தேழு என்று தட்டினேன். இவன் என் பின்னால் நின்று ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு கையால் காற்றில் பந்து வந்த வழியை வரைந்து, இப்படியா அப்பா, இப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.