பதினாறாவது பெயர்

பூச்சி உருண்டையின் மணம் எங்கேயாவது மூக்கில் ஏறினால், மற்றவர்களுக்கு அலுமாரியும் மடித்து வைத்த சேலையும் நினைவுக்கு வரலாம். எனக்குப் பதினாறு சிவப்புச் சட்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. திருகோணமலைக்கு வடக்கே, சல்லிக்குக் கிட்டவுள்ள எங்கள் கரையோர ஊரின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அந்தச் சட்டைகளும், அவற்றைக் கட்டி வைத்த அரிசிச் சாக்கும், தையல் விட்ட இரண்டு பந்துகளுமே சொத்து. மேற்கேயிருந்து கச்சான்காற்று வீசத் தொடங்கி, மைதானத்து மணல் உள்ளங்காலைச் சுட்டு, பக்கத்தில் காயும் கருவாட்டின் வாடையோடு பின்னேரங்கள் வரும் நாட்களில், எங்களைப் பழக்கிய தவராசா அண்ணை அந்தச் சாக்கை அவிழ்ப்பார். உருண்டைகள் தரையில் ஓட, நாங்கள் சட்டைகளை முகத்தில் வைத்து முகர்ந்து பார்ப்போம்.

அந்தக் காலத்தில் பட்டினத்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். கழகத்துக்குப் பதினாறு பெயர், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை என்பது அதன் விதி. பதினாறு கோடுகள் போட்ட ஒரு தாளில் பெயரை எழுதி, சின்னப் படத்தை ஒட்டி, கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற ஏலாது. பதினேழாவது ஆள் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே வந்து தண்ணீர்ப் போத்தல் கொடுக்கவும் அனுமதி கிடையாது. பட்டினத்துப் பெரிய கழகங்கள் முன்பெல்லாம் லொறி நிறையப் பொடியன்களைக் கொண்டுவந்து, களைக்கக் களைக்க மாற்றிவிட்டு, எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரரை மண் கவ்வ வைத்தார்களாம். அந்த அநியாயத்தை நிறுத்தத்தான் இந்த விதி வந்ததாம். எங்களுக்கு நன்மை செய்ய வந்த விதிதான் என்பதை நான் இன்றும் மறுக்கவில்லை.

வழமையாக எங்களிடம் சட்டை மிஞ்சும், பொடியன்கள் மிஞ்சுவதில்லை. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம், திரியாய்ப் பக்கமிருந்து இரண்டு குடும்பங்கள் ஊருக்குள் வந்து குடியேறியதில் மூன்று பொடியன்கள் கூடிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் பதினேழு.

பதினைந்து பெயர்களை அண்ணை ஒரே மூச்சில் எழுதிவிட்டார். மிச்சம் இருந்தவர்கள் ஜெகனும் நானும். ஜெகனும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள். பந்து அவனுடைய காலுக்கு வந்தால் அவனை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கும். ஆனால் போட்டி நடக்கும் மாதங்களேதான் எங்கள் கரையில் கரைவலை இழுக்கும் மாதங்களும். அவனுடைய அப்பாவின் வலைக்கு ஆள் குறைந்த நாட்களில் அவன் கயிறு பிடிக்கப் போய்விடுவான். வாரத்தில் மூன்று நாளாவது பயிற்சிக்கு வரமாட்டான். நான் ஒரு நாளும் தவறாமல் போவேன். போய் என்ன? என் காலில் பட்ட பந்து என் சொல்லைக் கேட்டதில்லை. ஆட்டம் தொடங்கினால் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன் என்பதால், பொடியன்கள் எனக்கு வைத்த பெயரே ‘கதிரை’.

யாருக்குக் கொடுப்பது நியாயம்? திறமையாக விளையாடுபவனுக்கா, நாள் தவறாமல் வந்தவனுக்கா? கழகம் இரண்டாகப் பிரிந்து நின்று வாய்ச்சண்டை போட்டது. இரண்டு வீட்டாரும் தவராசா அண்ணைக்குச் சொந்தக்காரர். எந்த வீட்டையும் அவரால் பகைக்க முடியாது. அவர் சாக்கின் மேல் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

“கரைவலையெண்டா கயித்தைத் தொட்டவனுக்கெல்லாம் பங்கு இருக்கு. சின்னப் பொடியன் வந்து பிடிச்சாலும் ஒரு கை மீனாவது குடுத்துத்தான் அனுப்புவம். இதென்னடாப்பா, பதினாறோட வாசலைப் பூட்டுற விளையாட்டு?” என்றார்.

அந்த இடம் ஜெகனுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதைத் தெரியாதவன் போல எழுதினால் இந்தக் கட்டுரையை எழுதுவதிலேயே பொருளில்லை. போட்டியில் நன்றாக விளையாடும் இரண்டு மூன்று பேரைப் பட்டினத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்து வந்தது. ஜெகனின் அப்பா எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஒரு தரம் சொல்லியிருந்தார்: “பேர் வந்து, அவங்கள் எடுத்தாங்களெண்டால் படிக்கட்டும். இல்லையெண்டா இந்தச் சீசனோட கடலுக்கு வரட்டும். எனக்கு ஏலாது, முதுகு போச்சு.” எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. என் அப்பா பட்டினத்தில் இரும்புக் கடையில் வேலை செய்தார். என்னைக் கடலுக்கு அனுப்பும் எண்ணம் வீட்டில் யாருக்கும் கிடையாது. இடம் கிடைக்காவிட்டால் எனக்கு நட்டம் ஒரு கிழமை அழுகை. அவனுக்கோ அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

கடைசியில் அண்ணை எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் காணிக்கும் செய்வதைச் செய்தார். வைரவரிடம் பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்தார். மைதானத்தின் மூலையில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சூலமும் கல்லும் இருந்தன. அதுதான் எங்கள் வைரவர். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் அங்கே ஒரு தேங்காய் உடைப்போம். இரண்டு பூவரசம் இலைகளில் இரண்டு பூவை மடித்துக் கட்டி அவருக்கு முன்னால் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்க வேண்டும். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் ஜெகன், சிவப்புச் செவ்வரத்தை வந்தால் நான். மனிதர் சொன்னால் மறுத்துப் பேசலாம், வைரவர் சொன்னால் பேச முடியாது. அதனால் எல்லோருக்கும் நிம்மதி. ஊரே சரியென்றது. அதைவிட நியாயமான வழி இருப்பதாக அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இலையும் பூவும் பறித்துக்கொண்டு வர என்னைத்தான் அனுப்பினார். என் தங்கை தர்ஷி, ஆறு வயதுக்காரி, பின்னாலேயே ஓடி வந்தாள். ‘பிள்ளைக்கு எங்கே போவது’ என்று அண்ணை சுற்றிப் பார்த்தபோது, “உவள் தர்ஷி நிக்கிறாள்தானே, அவளே எடுக்கட்டும்” என்று சொன்னவன் ஜெகன். எதிராளியின் தங்கை என்று அவன் நினைக்கவில்லை. அவளைத் தோளில் தூக்கி வைத்துக் கடற்கரை முழுக்கச் சுமந்தவன் அவன்.

அண்ணை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூக்களை மடித்தார். கற்பூரம் கொடுக்கக் கிட்டப் போன நான், பூச்சி அரித்து ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்த இலைக்குள் சிவப்பு போவதைக் கண்டேன். காணவேண்டும் என்று போகவில்லை. கண்ட பிறகு செய்ததற்குத்தான் சாட்டு இல்லை. அண்ணை நெருப்புப் பெட்டி தேடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், தர்ஷியின் தலையில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டிவிடுபவன் போலக் குனிந்து, “ஓட்டை இலையை எடு” என்றேன். பிறகு, “ஆருக்கும் சொன்னியோ, வைரவற்ர நாய் வந்து கடிக்கும்” என்றும் சொன்னேன்.

அவள் ஓட்டை இலையை எடுத்தாள். அண்ணை பிரித்தார். சிவப்பு.

ஏன் செய்தேன்? ‘கதிரை’ என்ற பெயரைத் துடைக்க ஒரு சிவப்புச் சட்டை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று எத்தனையோ வருடம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. ஜெகன் சண்டைக்கு வரவில்லை. போய்ச் சூலத்தைத் தொட்டுக் கும்பிட்டு, திருநீறு எடுத்து எனக்கும் பூசிவிட்டு, “விளையாடிப்போட்டு வா மச்சான்” என்றான். அவன் சண்டை பிடித்திருந்தால் நான் அழுது உண்மையைக் கக்கியிருப்பேன் என்று பிறகு நினைத்துக்கொள்வேன். அதுவும் பழியை அவன் தலையில் போடும் வேலைதான்.

போட்டியில் எங்களுக்குக் கிடைத்த முதல் ஆட்டம் கிண்ணியாப் பொடியன்களோடு. வெயிலில் இரண்டு பேர் சுருண்டு விழ, கடைசி ஏழு நிமிடத்துக்கு என்னை இறக்கினார்கள். என் காலுக்கு இரண்டு தரம் பந்து வந்தது. இரண்டும் கயிற்றுக்கு வெளியே போயிற்று. வெளியே நின்ற சனத்துக்குள் ஜெகன் நின்றான். இரண்டாவது பந்தை அவன்தான் காலால் நிறுத்தி, கிண்ணியாப் பொடியனின் கைக்கே அளந்து அனுப்பினான். அன்று மைதானத்தில் உதைக்கப்பட்ட நல்ல பந்து அதுதான் என்று தவராசா அண்ணை லொறியில் வரும்போது சொன்னார். நாங்கள் தோற்றோம், போட்டி எங்களுக்கு அதோடு முடிந்தது. எங்கள் ஊரிலிருந்து எவனையும் அந்தப் பள்ளிக்கூடம் எடுக்கவில்லை. நான் திருடிய இடத்தால் எனக்கும் ஒரு பயனும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் வாங்கின் மற்றப் பாதி வெறுமையாக இருந்தது. ஆசிரியர் இரண்டு கிழமை அவனுடைய பெயரைக் கூப்பிட்டார், பிறகு விட்டுவிட்டார்.

ஜெகன் மைதானத்துப் பக்கமே வராமல் விட்டான். கேட்டவர்களுக்கு, “எனக்கு அது இல்லையெண்டு வைரவரே சொல்லிப்போட்டார், பிறகென்ன?” என்று சிரிப்பானாம். கரைவலையில் பங்கு குறையக் குறைய, வெடி போட்டு மீன் பிடிக்கும் ஒரு படகில் சேர்ந்தான். எங்கள் கரையில் பல பேர் செய்த வேலை. பிடிபட்டால் மறியலில் கம்பி எண்ண வேண்டும், பிழைத்தால் ஒரே நாளில் ஒரு மாத மீன். இருபது வயது நிரம்பு முன்னர், திரி எதிர்பார்த்ததைவிட வேகமாக எரிந்து, அவனுடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆசுப்பத்திரியில் நான் கட்டில் ஓரத்தில் நின்று அழுதேன். அவன்தான் என்னைத் தேற்றினான். “அண்டைக்கே வைரவருக்குத் தெரிஞ்சிருக்கு மச்சான். என்ர தலையில என்ன எழுதியிருக்கெண்டு” என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று நான் பட்டினத்தில், அதே மாதிரியான சுற்றுப்போட்டிகளில், கழகங்களின் பெயர்த் தாள்களை வாங்கிச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறேன். என்னைப் போன்றவன் அங்கே இருப்பதைப் பற்றிச் சிரிக்க விரும்புபவர்கள் சிரிக்கலாம். போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் கழகத்துக்கு இருபது பெயர் கொடுக்கலாம். ஒரே ஒரு வரி. அது அன்றே இருந்திருந்தால் எங்கள் பதினேழு பேருக்கும் இடம் இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெகன் வீட்டுக்குப் போனேன்.

அவன் முற்றத்தில் வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, இடது கையில் ஊசியோடு அதன் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுடைய மனைவி எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். நான் ஓட்டை இலையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலை நிமிரவில்லை. ஊசி மட்டும் நின்றது.

“தர்ஷிக்குத் தெரியுமோ?” என்றான்.

“நான் சொல்லித்தான் எடுத்தவள். அவளை ஒண்டும் நினைக்காத.”

அவன் ஊசியை வலைக்கண்ணில் குத்தி வைத்தான். பிறகு, “சாமி எண்டு நினைச்சபடியால இவ்வளவு காலமும் எனக்குக் கோவம் வரேல்ல. இனி வரும். இந்த ஒரு கையோட அதை வைச்சு நான் என்ன செய்யிற?” என்றான்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “நீ சுமையை இறக்கிப்போட்டாய், சரி. எங்க இறக்கினனீ எண்டு பாத்தனியோ?” என்றான். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். படலை வரைக்கும் அவன் கூட வந்தான், அந்த மரியாதையை அவன் விடவில்லை. ஆனால் ‘போட்டு வா’ என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மைதானத்தைப் பார்த்தேன். அதில் பாதியை உல்லாசப் பயணிகளுக்கான ஒரு விடுதியின் மதில் விழுங்கிவிட்டது. தெருவை அகலமாக்கியபோது வேப்பமரம் போயிற்று; சூலத்தைச் சீமெந்துப் பெட்டிக்குள் வைத்து இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். பூக்கட்டிப் பார்க்க இப்போது ஒருவரும் வருவதில்லை. சட்டைகளை எலி அரித்து, தவராசா அண்ணையின் வீட்டில் சாக்கு மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் இல்லை. தர்ஷி பட்டினத்தில் இரண்டு பிள்ளைகளோடு வாழ்கிறாள். தெருவில் ஒரு குட்டிநாய் வந்தாலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் மாறிவிடுகிறாள்; ஏனென்று கேட்டால் சின்ன வயதிலிருந்தே பயம் என்கிறாள். அவளிடமும் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஜெகனிடம் சொன்ன பிறகு, சொல்லத் துணிவு வரவில்லை.

சின்ன ஊர்க் கழகங்கள் இருபது கோடுகளையும் நிரப்புவதில்லை. பதினைந்து பெயர்களோடு ஒரு தாள் வரும். பிள்ளைகள் இல்லையென்பார்கள், வெளிநாடு போய்விட்டார்கள் என்பார்கள். பிறகு யாரும் களவாகப் பெயர் சேர்க்காதபடி, வெறுமையான கோடுகளை மேசையில் இருப்பவன் பேனாவால் குறுக்கே அடித்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது விதி. பதினாறாவது கோட்டிலிருந்து தொடங்கி, ஐந்தையும் நான்தான் அடிக்கிறேன்.