அஷ்டமியில் ஆரம்பித்த மாத்திரை

பேச்சியம்மாள் அக்கா போய்விட்டார் என்பதை, அவர் வழக்கமாக வரும் திங்கட்கிழமையன்று மாத்திரையோடு வந்த வேறொரு நர்ஸ்தான் சொன்னார். புளியங்குடி சாலையில் ஸ்கூட்டி சரிந்துவிட்டதாம். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் அக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் அழுதார்கள்.

என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். இதயம் பலவீனம், காலில் நீர் கோத்துக்கொள்ளும். சென்ற ஆண்டு டாக்டர் புது மாத்திரை ஒன்று எழுதினார். எட்டு நாள் கழித்து அக்கா வந்து பார்த்தபோது அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"நாள் சரியில்லம்மா. செவ்வாய் வேண்டாம்னு விட்டேன். பொறவு கரிநாளு," என்றார் அப்பா.

"இன்னைக்கு?"

"அஷ்டமி."

அக்கா தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, இதப் பாத்தா நீங்க மூச்சு விடுததுக்கே நாள் கிடைக்காது. சரி, அஷ்டமியிலயும் நல்ல நேரம் பத்தே முக்கால்னு போட்டிருக்கு. இப்ப பத்து நாப்பது. ஏட்டி, தண்ணி கொண்டா."

ஐந்து நிமிடம் மூவரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கிழக்கே திரும்பி விழுங்கினார்.

அடுத்த வாரம் அக்கா எடை மெஷின் கொண்டுவந்தார். அப்பா ஏறி நின்று கதவைப் பிடித்துக்கொள்வார்.

"கைய எடுங்க. கதவுக்கா நீர் கோத்திருக்கு?"

என்னிடம் தனியாகச் சொன்னார்: "ரெண்டு கிலோ ஏறுனா அன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணு. உங்கப்பாட்ட அனுமதி கேக்காத."

அக்கா இறந்த பிறகு அப்பா மெஷினில் ஏறவில்லை. இன்று சாயங்காலம் செருப்பு அவர் காலில் நுழையவில்லை. கெஞ்சி ஏற்றினேன். இரண்டரை கிலோ கூடியிருந்தது.

"நாளைக்கு அஷ்டமி, அடுத்து நவமி. தசமிக்குப் போவோம். டாக்டர்ட்ட சொன்னே, தோல உரிச்சிருவேன்," என்றார்.

டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன். காலையில் முதல் ஆளாகக் கூட்டிவரச் சொன்னார். ராத்திரி மூச்சு முட்டினால் உடனே. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா தூங்குகிறார், அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த மெஷினும், டாக்டரின் எண்ணும், அப்பாவிடம் அனுமதி கேட்காத பழக்கமும். இதை எழுதுவதுகூட காலண்டரிலிருந்து கிழித்த அஷ்டமித் தாளின் பின்பக்கத்தில்தான். இடம் போதாமல் நவமியையும் கிழித்திருக்கிறேன். விடிந்ததும் சுவரில் தசமி இருக்கும். கிழமை பொருந்தாததைக் கண்டுபிடித்தால் அப்பா கத்துவார்.

கத்தட்டும். அதற்கு மூச்சு வேண்டும்.