காருக்கு முட்டுக்கொடுத்த அம்மிக்குழவி

சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் தெருவில் ஒவ்வொருவராக வீட்டை உயர்த்திக் கட்டிவிட்டோம். அதனால் எல்லார் வாசலிலும் கார் ஏற ஒரு சரிவு உண்டு. எங்கள் வீட்டுச் சரிவு கொஞ்சம் அதிகம்தான்.

காருக்கு அடியில் சில நாளாக ஏதோ கடகடவென்று சத்தம். மெக்கானிக்கிடம் விடுங்கள் என்றால் என் கணவர் கேட்பாரா? மொபைலில் நாலு வீடியோ பார்த்துவிட்டார், இனி அவரைப் பிடிக்க முடியாது. போர்ட்டிகோவில் வெளிச்சம் போதவில்லை என்று காரைச் சரிவில் இறக்கி நிறுத்தி, பழைய லுங்கியோடு வேலையில் இறங்கிவிட்டார்.

உள்ளே நான் சட்னிக்குத் தேங்காயை மிக்ஸியில் போட்டேன். கரண்ட் போய்விட்டது. இட்லியோ வெந்தாயிற்று, அவருக்குத் தட்டும் எடுத்து வைத்தாயிற்று. சரி, பின்பக்கம் சும்மா கிடக்கும் அம்மியில் அரைத்துவிடலாம் என்று போனால், அம்மி இருக்கிறது, குழவியைக் காணோம். அதைப் போய் யார் திருடுவார்கள்?

வாசலுக்கு வந்து பார்த்தேன். காரின் முன்பக்கத்தை ஜாக் தூக்கி நிறுத்தியிருந்தது. அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி பின்னால் உருளாமலிருக்க, பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது என் குழவி! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏங்க, அது அரைக்கிற கல்லுங்க! வெளிய வாங்க முதல்ல!"

"இரும்மா, ஒரே ஒரு போல்ட்டுதான். முடிச்சிட்டு கழுவித் தரேன்."

"போல்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். இப்ப வரீங்களா இல்லையா?"

நான் விடமாட்டேன் என்று தெரிந்து, முனகிக்கொண்டே ஊர்ந்து வெளியே வந்தார். எழுந்து நின்று, "கனமா வேற எதுவும் கிடைக்கலைம்மா" என்று வாதாட ஆரம்பித்தார். அந்தப் பேச்சு முடியவில்லை, குழவி உருண்டது. பழைய காரின் ஹேண்ட்பிரேக் அந்தச் சரிவில் தாங்கவில்லை. ஜாக் சாய்ந்து, கார் தடாலென்று இறங்கி, அவர் நெஞ்சு இருந்த இடத்தின் மேல் முன்சக்கரத்தை ஏற்றிக்கொண்டு பின்னால் ஓடியது. தெருவைக் கடந்து, எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் முட்டி நின்றது. நல்லவேளை, தெருவில் ஆளில்லை.

எதிர்வீட்டு அக்கா பதறி ஓடி வந்தார். இவர் முழுசாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. "உன் சத்தம் எங்க கிச்சன் வரைக்கும் கேட்டுச்சு. சண்டை போட்டு புருஷனைக் காப்பாத்தினவ நீதாம்மா" என்றார்.

இவரோ முகம் வெளுத்துப்போய், "குழவி உருளும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கிரீஸ் அப்பிய அந்தக் கையை நான் வெகுநேரம் விடவில்லை.

இப்போதும் காரை அவரேதான் பார்க்கிறார். ஆனால் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குச் சதுர மரக்கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் இரும்பு ஸ்டாண்டும் கொடுத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அடியில் நுழைகிறார். குழவி இருக்கும் பக்கமே போவதில்லை.

சமையல் நேரத்தில் கரண்ட் போனால் தெருவே அலுத்துக்கொள்ளும். நான் மட்டும் வாய் திறப்பதில்லை. அன்று மிக்ஸி ஓடியிருந்தால், அவருக்கு எடுத்து வைத்திருந்த தட்டை என்ன செய்திருப்பேன்?