வலக்கையில் போட்ட ஊசி

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

யுத்த காலத்தில், திண்டிவனத்திற்கு அருகே மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பிடுங்கி முடித்திருந்த எங்கள் கொல்லையில் எனக்குத் திருமண நிச்சயம் நடைபெற்றது. கூடியோர் அனைவரும் கொல்லைக் கிணற்று நீரையே பருகினர். மறுநாள் பாதிப்பேருக்கு வாந்திபேதி கண்டது. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் எங்கள் சாம்பாரே காரணம் என்று திருவெண்ணெய்நல்லூர்ப் பெண்வீட்டாரும், அவர்கள் கொணர்ந்த லட்டே காரணம் என்று எம்மவரும் வாதிட்டனர். கிணற்றை எவரும் ஐயுறவில்லை. குறித்த முகூர்த்தம் அவ்வாதத்திலேயே கழிந்தது.

மறு முகூர்த்தத்திற்கு அதே கொல்லையில் பந்தல் எழுந்தது. பெண்ணின் தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இதுவும் தவறிப்போச்சுன்னா பொண்ணை வேற எடத்துல குடுத்துடுவேங்க."

முந்தின நாள் காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, கிணற்றில் மருந்து கொட்டி, நீரைக் கத்தரிப்பூ நிறமாக்கினார். பேதித் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர் பந்தலுக்குள் வரலாகாது என்று ஆணையிட்டு, "இடது கையை நீட்டுங்க" என்றார்.

என் தாய்மாமன் முன்னே வந்தார்.

"கல்யாணத்துக்கு வந்துட்டு இடது கையில வாங்கறதாங்க? சந்தனம் வாங்கற கையிலயே போடுங்க."

"நாளைக்கு வீங்கிக்கும் பெரியவரே."

"வீங்கட்டும். அபசகுனம் ஆவக்கூடாது."

அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரு வீட்டாரும் இதில் ஒருமனப்பட்டு வலக்கையை நீட்டினர். இன்ஸ்பெக்டர் வாதாடிக் களைத்து, கேட்ட கையிலேயே போட்டார்.

விடிந்தது. நாயனக்காரர் தரையை நோக்கி வாசித்தார். அட்சதை அவரவர் மடியிலேயே விழுந்தது. நானோ தாலியை ஏந்தியவாறு, கையை மார்பளவுக்கு மேல் உயர்த்த இயலாது நின்றேன். மணமகள் இயன்றமட்டும் குனிந்து பார்த்தாள், போதவில்லை.

"நேரம் போய்க்கினே இருக்குது" என்று பெண்ணின் தகப்பனார் எழுந்தார்.

மாமன் பந்தல்காலோரம் நின்ற இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "உங்க ஊசிதானுங்களே, நீங்களே தூக்கி உடுங்க."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, என் பின்னே நின்று முழங்கையை உயர்த்தினார். முதல் முடிச்சு விழுந்தது. ஏனைய இரண்டையும் போடவேண்டிய என் தமக்கைக்கும் அதே வீக்கம். அவள் முழங்கையையும் அவரே தாங்கினார்.

விருந்தில் இடக்கையால் உண்ண எவரும் இசையாமையால், அனைவரும் இலைமேல் கவிழ்ந்து உண்டோம். அம்முறை யாருக்கும் பேதி காணவில்லை. வலக்கையில் போட்டதே காரணம் என்று மாமன் இறுதிவரை கூறிவந்தார்.

எங்கள் மூன்று முடிச்சிலும் இன்ஸ்பெக்டர் கை உண்டு என்பதை என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. ஆகவே இதனைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.