காசிம் பாய் கடைக் கரும்பலகை

போன வாரம் காலையில் பழவேற்காட்டிலிருந்து வந்த படகுக்காரர், கரையில் இறங்குவதற்கு முன்பே, "சைக்கிள் கடை பாய் செத்துப் பூட்டாருப்பா" என்று கத்தினார். பசியாவரம் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் "அடப்பாவமே" என்றார்கள். நான் ஊரறியச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று பத்து வருடமாக என்னிடமே கிடந்தது.

காசிம் பாயை உங்களுக்குத் தெரியும். பழவேற்காட்டுப் படகுத்துறைக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை. வாசலில் ஒரு கரும்பலகை. மேல் பாதி அவருடைய நடிகரின் மன்றத்துக்கு, கீழ்ப் பாதி என்னுடைய நடிகரின் மன்றத்துக்கு. மன்றம் என்றால் கட்சி, கட்சி என்றால் மன்றம்; எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். காலையில் அவர் ஒரு வரி எழுதுவார். மீன் விற்றுவிட்டு வரும் நான் அதற்குக் கீழே பதில் எழுதுவேன். படகுக்குக் காத்திருப்பவர்கள் உரக்கப் படித்துச் சிரிப்பார்கள். ஆளாளுக்கு சாக்பீஸ் எடுத்து ஒரு வரி கிறுக்கிவிட்டுப் போவார்கள். என் நடிகரின் படம் நூறு நாள் ஓடியதை எழுதினால், 'வீட்டு ரேஷன் அரிசி எத்தனை நாள் ஓடும்?' என்று பாய் எழுதியிருப்பார்.

நேரில் சண்டை கிடையாது. "இன்னா நைனா, இன்னிக்கு ரொம்ப காரமா எழுதிட்ட, வா, டீ குடி" என்பார்.

பலகையின் ஓரத்தில் எங்கள் ஊருக்கும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். ஏரியில் எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் வைத்த முறைதான் பாடு. அதில் மாற்றம் வந்தால் பெரியவர்கள் அந்த ஓரத்தில் எழுதிவைப்பார்கள்.

ஒரு தேர்தலில், என் நடிகரின் கட்சி ஜெயித்தால் முகத்துவாரத்து மணலை அள்ளிவிடுவார்கள், படகு தட்டாமல் கடலுக்குப் போகும் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். கட்சி ஜெயித்தது. மணல் அப்படியே கிடந்தது. ஒருநாள் பாய் என் பெயரைப் போட்டே எழுதினார்: 'ஏகாம்பரத்தின் தலைவர் படத்தில் புயலையே நிறுத்துகிறார். நம் முகத்துவாரத்து மணலை எப்போது அள்ளுவார்?' துறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் எதுவும் தோன்றவில்லை. துறையில் ஆள் குறைந்ததும், யாரும் பார்க்காதபோது ஈரத் துண்டால் பலகை முழுவதையும் துடைத்துவிட்டுப் படகேறினேன்.

ஓரத்தில் எழுதியிருந்த பாடு மாற்றமும் அதோடு போயிற்று. மறுநாள் காலை இரண்டு குழுக்கள் ஒரே இடத்தில் வந்து நின்றன. வலை கிழிந்தது. ஒருவருக்கு மண்டை உடைந்தது. ஊர் கூடி, "பலகைய அழிச்சது யாரு?" என்று கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். விசாரிக்கக் கூப்பிட்டிருந்த பாய், "என் பலகை. நான்தான் அழிச்சேன்" என்றார்.

ஊர் அவர் கடையை ஒதுக்கியது. ஒரு வருடம் எங்கள் ஆட்கள் அந்தப் படியை மிதிக்கவில்லை. ஒருமுறை தனியாகப் போய், "ஏன் பாய் அப்படிச் சொன்ன?" என்றேன். "நீ வாயத் தொறந்திருந்தா உன் குடும்பத்துக்குப் பாடே இல்லாம பண்ணிருப்பாங்க. எனக்கு இன்னா, ஏரியிலயா பொழப்பு?" என்று சொல்லிவிட்டு பஞ்சர் ஒட்டப் போய்விட்டார். என்ன மனுஷன் அவர்! மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் துப்பில்லை.

பிறகு ஊர் கோபம் தணிந்தது. பலகை மட்டும் வெளியே வரவில்லை. பார்த்தால் "நல்லா இருக்கியா" என்பார், "இருக்கேன்" என்பேன், அவ்வளவுதான். மன்றத்தில் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் நான் அநாதையாக உட்கார்ந்திருந்தேன். மல்லுக்கட்ட ஒரு ஆள் இல்லை.

அடக்கத்துக்குப் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். பலகை சுவரில் சாய்ந்திருந்தது. நான் துடைத்தபடியே வெறுமையாக இருந்தது.

பாயைத் தெரிந்தவர்களே, அதை அழித்தது நான். ஊர் என்ன முடிவு செய்தாலும் சரி. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். மணல் இன்னும் கிடக்கிறது, பாய். என்னிடம் இன்னும் பதில் இல்லை.